குளத்தில் கலந்தது

அமிர்தசரஸுக்குப் போய் வந்தீர்களாமே என்று கேட்பவர்களிடம் நானும் என் வீட்டுக்காரரும் தங்கக் கூரையைப் பற்றிச் சொல்வோம். அந்தக் குளிரைப் பற்றிச் சொல்வோம். உயரமான தம்ளரில் வெண்ணெய் மிதக்கக் கொடுத்த லஸ்ஸியை ஒரே ஆள் எப்படிக் குடித்து முடிப்பது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வோம். குளத்தில் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குள்ளேயேகூட அந்தப் பேச்சு வந்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து போய்விடுவார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு டிபன் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் முகத்துவாரக்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீரும் சாம்பலும் இறங்கி மீன் குறைந்த பிறகு, படகை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்று நான் போட்ட கடை அது. காலையில் இட்லி, தோசை. மதியம் சோறு, மீன் குழம்பு. முன்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பீடியும் சிகரெட்டும். பெட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதற்குக் கீழேதான் பெஞ்சு. லாரிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு அங்கேயே பற்றவைத்துக்கொண்டு, வண்டி நகரும்வரை கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த லாரிக்காரர்களில் ஒரு சர்தார் இருந்தார். பல வருடமாக எங்கள் ரோட்டில் டிரெய்லர் ஓட்டியவர். தமிழை என் கடையிலேயே கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேசுவது அப்படியே எங்கள் பேச்சு. "இன்னா அக்கா, தோசை கீதா?" என்று தலைப்பாகையோடு குனிந்து கேட்கும்போது, புதிதாக வந்த டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அவர் ஒருநாளும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்துபோய்த் தன் லாரிப் படியில் உட்கார்ந்து தின்பார். குழாயில் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைப்பார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். மீன்காரர்களோடும் கூலிக்காரர்களோடும் சமமாக உட்கார மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். "மகாராஜாவுக்கு நம்ம பெஞ்சு ஒத்துக்காதுபா" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அவர் காதில் விழுகிற தூரத்தில்தான் இருப்பார்.

ஒரு வருடம் பெருமழையில் சடையங்குப்பம் பக்கம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. அங்கே டிரெய்லர்கள் நிறுத்தும் யார்டு ஒன்றில் டிரைவர்கள் கேபின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு படகை மினி லாரியில் ஏற்றிப் போய்த் தண்ணீரில் இறக்கினார். ஒரு பகல் முழுக்க ஆட்களை ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். கடைசி நடையில் வந்தவர் சர்தார். தண்ணீர் வடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். தரையில் எங்களோடு உட்கார்ந்து, எங்கள் சட்டியிலிருந்து சாப்பிட்டார். கடையில் உட்காராதவர் வீட்டில் எப்படி உட்கார்ந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்காரரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். ஊருக்குப் போகும்போதெல்லாம் வீடியோவில் தன் அம்மாவைக் காட்டுவார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குப் பஞ்சாபி தெரியாது. போனுக்குள் கையை நீட்டி என் வீட்டுக்காரர் தலையைத் தடவுவதுபோல் காட்டுவார். "எங்க அம்மா ஒன்னிய பாக்கணும்னு சொல்லிகினே கீது நைனா. ஒரு தபா வா. தர்பார் சாகிப்புக்கு நானே இட்டுகினு போறேன்" என்பார் சர்தார். பொற்கோயிலை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் போனோம். டெல்லி போய் அங்கிருந்து இன்னொரு ரயில். அமிர்தசரஸ் ஸ்டேஷனில் சர்தார் மாலையோடு நின்றார். என் வீட்டுக்காரருக்கு அதுவரை கல்யாணத்தன்று மட்டும்தான் மாலை விழுந்திருக்கிறது. ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்க, வெட்கப்பட்டுக்கொண்டு கழுத்தைத் தாழ்த்தினார்.

ஊருக்கு வெளியே கோதுமை வயல்களுக்கு நடுவில் வீடு. அவர்கள் வழக்கப்படி வாசலின் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றி எங்களை வரவேற்றார் அந்த அம்மா. கடைந்த கீரையும் சோள ரொட்டியும் வைத்தார். "இன்னாமே இது, கீரைல இம்மாம் வெண்ணெ போட்டுகீறாங்க" என்று என் வீட்டுக்காரர் என் காதில் கேட்டார், ஆனால் மூன்று ரொட்டி தின்றார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீரிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்தவர் இவர்தான் என்று அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சிலர் அவர் கையைப் பிடித்துத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் புருஷன் இவ்வளவு பெரிய மனிதரா என்று நானே அவரைப் புதிதாகப் பார்த்தேன்.

அவருக்கு மாவா போடும் பழக்கம் உண்டு. பாக்கையும் புகையிலையையும் சேர்த்துத் தேய்த்து, பிளாஸ்டிக் தாளில் சுருட்டி, ரப்பர் போட்டு விற்பார்களே, அதுதான். எங்கள் பக்கம் படகுக்காரர்களில் அது இல்லாதவர்கள் குறைவு. விடிவதற்கு முன் பனியில் வலை இழுக்கும்போது அது இல்லாமல் கை நகராது என்பார். புறப்படும்போதே ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். சர்தார் வீட்டில் அம்மாவுக்கு மரியாதை கொடுத்து, மோட்டார் ரூம் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நாலு பேருமாகக் கோயிலுக்குப் போனோம். செருப்பை விட்டோம். நானும் என் வீட்டுக்காரரும் தலையில் ஆரஞ்சுத் துணி கட்டினோம். ஓடுகிற தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வாசல் பக்கத்தில் சிகரெட்டின் மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு பலகையைப் பார்த்தேன். அவருக்குத்தான் சிகரெட் பழக்கம் இல்லையே என்று தாண்டிப் போய்விட்டேன்.

படி இறங்கியதும் அவ்வளவு பெரிய குளம், நடுவில் வெயில் பட்ட தங்கம். பாட்டுச் சத்தம் தண்ணீர்மேல் மிதந்து வந்தது. என் வீட்டுக்காரர் கோயிலைப் பார்க்கவில்லை. நேராகக் குளத்தோரம் போய்க் குந்தினார். "மேய், இங்க வந்து பாரு. கெண்டை! எம்மாம் பெருசு பாரு. ஒருத்தனும் புடிக்கிறதில்ல போல, பயமே இல்லாம வருது." தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். "ஒரு வாசனை இல்லமே. நம்ம ஆத்துத் தண்ணி எங்க அப்பன் காலத்துல இப்டித்தான் இருந்துச்சாம்." சொல்லும்போது அவர் குரல் மாறியது.

ஆண்கள் இறங்கிக் குளிக்கிற பக்கம் சங்கிலி கட்டியிருந்தது. "நைனா, முழுக்கு போடலாம் வா" என்றார் சர்தார். நானும் அம்மாவும் சற்றுத் தள்ளிப் பளிங்குத் தரையில் நின்றோம். என் வீட்டுக்காரர் சட்டையையும் பேண்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். உள்ளே படகுக்குப் போகும்போது போடும் அரை டவுசர். அதைப் போட்டுக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். அதன் பையில் என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எதுவும் தோன்றவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு படியில் இறங்கும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முழுக்கு போட்டு எழுந்தார். இரண்டாவது முழுக்கிலிருந்து எழும்போது அவரைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாக இருந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ரத்தமோ என்று பயந்தேன். அதற்குள் சின்ன பிளாஸ்டிக் தாள் ஒன்று மேலே மிதந்து வந்தது. தூளும் பாக்குச் சில்லுமாகப் பரவியது. கெண்டைகள் இரை என்று நினைத்துக் கூட்டமாக வந்து வாயைத் திறந்தன. பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்த ஒரு வயதானவர் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு சத்தமாக ஒரு வார்த்தை சொன்னார். "தம்பாக்கூ!"

அந்த வார்த்தை படிப்படியாக மேலே ஏறி வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறினார்கள். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா? இன்னா ஆச்சு?" என்று தமிழில் எல்லோரையும் கேட்டார். சர்தார் தன் துண்டைத் தண்ணீரில் விரித்து, அந்தத் தூளை வலை போடுவதுபோல் அரித்து அரித்து எடுக்க ஆரம்பித்தார். எடுத்துக்கொண்டே மேலே நின்றவர்களைப் பார்த்துப் பஞ்சாபியில் பேசினார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நெஞ்சில் வைத்து வைத்துப் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, 'பாயி'. தம்பி, அண்ணன் என்று எதற்கும் அவர்கள் சொல்வது. ஆறடி ஆள், எங்கள் ரோட்டில் யாருக்கும் குரல் தாழ்த்தாதவர், தண்ணீரில் நின்று எங்களுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பளிங்குத் தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

நீல உடையில் ஈட்டி பிடித்த கோயில் காவலர் ஒருவர் வந்தார். அவர் திட்டவில்லை. என் வீட்டுக்காரரை மேலே வரச் சொல்லி, டவுசர் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். என் புருஷன், நேற்று ஊரே கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனிதர், சொட்டச் சொட்ட நின்றுகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. கறை படிந்த பல் மட்டும்தான்.

எனக்குப் பின்னால் தமிழ்க் குரல் கேட்டது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம். "பேச்சைக் கேட்டீங்களா, நம்ம மெட்ராஸ் ஆளுதான். இந்த மாதிரி ஆளுங்களால எங்க போனாலும் மானம் போகுது" என்றாள் அந்தப் பெண். நான் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்து, "நீங்களும் தமிழா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "அவரு என் வூட்டுக்காரருதான்."

அவள் என் கையில் இருந்த சட்டையையும் பேண்டையும் பார்த்தாள். நகர்ந்து போனாள்.

காவலர் போகச் சொன்னதும் என் வீட்டுக்காரரைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தோம். குளிருக்குச் சால்வை போர்த்திவிட்ட சர்தார் அப்போதுதான் மெதுவாகச் சொன்னார், புகையிலை அவர்களுக்கு எவ்வளவு ஆகாத பொருள் என்று. அதைத் தொட்ட கையோடுகூட அந்த வாசலுக்குள் வரமாட்டார்கள் என்று. கேட்கக் கேட்க என் வீட்டுக்காரர் தலை முழங்காலுக்குள் போய்விட்டது.

"எனுக்குத் தெர்லபா. சத்தியமா தெர்ல."

"தெரிஞ்சா செய்வியா நைனா? எனுக்குத் தெரியாதா ஒன்னிய?"

"நம்ம ஆத்துல கொட்டுறானுங்கோன்னு நாள் பூரா திட்டிகினு கீறேன். இங்க வந்து நானே கொட்டிட்டேன்." எழுந்து வரமாட்டேன் என்றுவிட்டார்.

கோயிலில் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சர்தார் என்னை மட்டும் பந்திக்கு அழைத்துப் போனார். அம்மா முன்னால் நடந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. நீளமான கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். ரொட்டி கொடுப்பவர் எதிரில் வந்து நின்றபோது நான் ஒரு கையை நீட்டினேன். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டுமாம். சர்தார் காட்டித் தந்தார். அதையும் தெரியாமல்தான் வந்திருக்கிறோம்.

அப்போதுதான் எனக்கு அந்த லைட்டர் ஞாபகம் வந்தது. கயிற்றில் தொங்கும் லைட்டர், கீழே பெஞ்சு, பெஞ்சில் புகைவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

"அதனாலதான் என் கடைல குந்த மாட்டியா?" என்று கேட்டேன்.

சர்தார் பருப்பைத் தொட்டுக்கொண்டே தலையாட்டினார். "அல்லாரும் பீடி குச்சிகினு கீறாங்க. நான் எப்டிக்கா குந்துறது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒன்னோட வியாபாரம் அக்கா அது. நான் இன்னா சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னார். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். மகாராஜாவுக்கு நம்ம பெஞ்சு ஒத்துக்காது என்று நான் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேனே, அதெல்லாம் அவருக்குப் புரிந்திருக்கும். என்னிடமிருந்தே தமிழ் கற்ற ஆளுக்கு அது எப்படிப் புரியாமல் போயிருக்கும்? கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அந்த அம்மா பெரிய மனதோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு அவர் சாப்பாடு வைக்கவில்லை. சர்தார் எடுத்து வைத்தார். மறுநாள் காலையில் அம்மா தனியாகப் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனார். எங்களுக்காக மன்னிப்புக் கேட்கப் போனாரா, எங்களைக் கூட்டிப்போனதற்காகத் தனக்காகவே கேட்டுக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. திரும்பி வந்து நேராக அடுப்பங்கரைக்குப் போனார். நான் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். தடுக்கவில்லை. கழுவி முடித்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார்.

என் வீட்டுக்காரர் மீதி மாவா முழுவதையும் பையோடு எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிட்டு வந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்ததில் விரலெல்லாம் சிவந்திருந்தது. "இன்னிக்கே கெளம்பலாம்மே" என்றார். டிக்கெட் இருந்தது இன்னும் சில நாள் கழித்து. அந்த நாட்களை அவர் வயல் வரப்பிலேயே கழித்தார். கையைத் தொட வந்த ஊர்க்காரர்களைக் கண்டால் பின்பக்கமாகப் போய்விடுவார்.

புறப்படும் அன்று அவர் அந்த அம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். பிறகு அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முகத்துக்கு நேராக விரலை ஆட்டினார். "தம்பாக்கூ நஹீ." அது எங்களுக்கு மொழிபெயர்க்காமலேயே புரிந்தது. "போட மாட்டேன்மா" என்று அவர் தன் தலையில் கை வைத்தார். வழிக்கென்று நெய்யில் செய்த மாவுருண்டையை ஒரு டப்பா நிறைய அம்மா என் கையில்தான் கொடுத்தார், அவர் கையில் கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நான் பீடிப் பெட்டியை எடுத்துவிட்டேன். டிரைவர்கள் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, இடம் பத்தவில்லை என்றேன். என் வீட்டுக்காரர் மாவா இல்லாமல் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். தலைவலி வந்தது, கோபம் வந்தது, படகில் கூட வருகிறவர்களிடம் சண்டை வந்தது. ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் மாவா சுற்றும் ரப்பர் இருந்தது. நான் கேட்கவில்லை. அன்று அவரும் சாப்பிடும்போது தலை நிமிரவில்லை.

சர்தார் இப்போது மேற்குப் பக்கத்துத் துறைமுகத்துக்கு வண்டி ஓட்டுகிறார். கம்பெனி மாற்றிவிட்டதாம். அது உண்மையாகத்தான் இருக்கும் என்றாலும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. வீட்டுக்குப் போகும்போது அம்மாவைப் போனில் காட்டுவார். அம்மா என்னிடம் நன்றாகப் பேசுவார். பிறகு விரலை ஆட்டிக் கேட்பார், "தம்பாக்கூ?" அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் எப்போதும் படகுக்குப் போயிருப்பார், அல்லது போயிருப்பதாக நான் சொல்வேன். பின்கட்டில் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருப்பார்.

போன வாரம் போன் வந்தபோது அவரே வந்து என் கையிலிருந்து வாங்கினார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

"கீதும்மா" என்றார். "இன்னும் கீது. உட முடியல. பொய் சொல்ல வாய் வர்ல."

சர்தார் பக்கத்திலிருந்து அதை அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மா திட்ட ஆரம்பித்தார். பஞ்சாபியில், நிறுத்தாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினார். சர்தார் மொழிபெயர்க்கவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டியபடி கடைசிவரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.